உஷார்! ‘டிஎல்எல் ஃபைல் இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்கிறதா?

நில்லுங்கள்! அந்த ஃபைலின் பெயரை கூகுளில் தேடி, கிடைத்த இடத்தில் டவுன்லோடு செய்யப் போகிறீர்களா? வேண்டவே வேண்டாம்!

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறார். புதிதாக ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டார். திறந்ததும், ‘விசிரன்டைம்140.டிஎல்எல் கிடைக்கவில்லை’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. அந்தப் பெயரையே தேடினார். முதலில் வந்த தளத்தில் பெரிய பச்சை பட்டன். அமுக்கினார். இறங்கியது டிஎல்எல் அல்ல, ‘ஃபிக்ஸர்’ என்று பெயர் வைத்த வேறொரு புரோகிராம். ஆன்டிவைரஸ் தடுத்தது. ‘அதை நிறுத்திவிட்டுப் போடுங்கள்’ என்றது அந்தத் தளம். இவரும் நிறுத்தினார்.

மறுநாள் அவருடைய மெயிலுக்குள் அவராலேயே நுழைய முடியவில்லை. பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் திருட்டுப் போயிருந்தன. கணக்கு எழுதும் கடைகளுக்கெல்லாம் அவர் பெயரில் பணம் கேட்டு மெயில் போயிருந்தது. பாவம், ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, ‘நான் அனுப்பவில்லை அண்ணா’ என்று சொல்ல வேண்டியதாயிற்று.

டிஎல்எல் என்பது, தெருக்குழாயைப் போல, பல சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான ஃபைல். ஒன்றை நீக்கும்போது அதுவும் சேர்ந்து போனால், இன்னொன்று படுத்துவிடும். ஆனால் அது சும்மா கிடக்கும் ஃபைல் அல்ல. ஓடக்கூடியது! அதைக் கூப்பிடும் சாஃப்ட்வேருக்கு என்னென்ன அதிகாரம் உண்டோ, அத்தனையும் அதற்கும் கிடைத்துவிடும். முகம் தெரியாதவர் கொடுத்ததை உள்ளே விடலாமா?

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உஷாராகிவிடுங்கள்!

‘ஆன்டிவைரஸை அணைத்துவிடு’ என்கிறார்களா? விலகிவிடுங்கள். கிராக் செய்த கேம் போட்ட பிறகுதான் எர்ரர் வந்ததா? அந்த கேமைத் தூக்குங்கள். பிள்ளைகளிடமும் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். அப்போதுதான் உண்மையைச் சொல்வார்கள். டிஎல்எல்லை நீங்களே ஒட்டிய பிறகு ‘0எக்ஸ்சி000007பி’ என்று வருகிறதா? பெரும்பாலும் 32 பிட், 64 பிட் மாறிப்போயிருக்கும். 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் ஃபைல்கள்! பெயரை நம்பி ஏமாறாதவர் குறைவு.

இன்று ஒரு ஃபைல், நாளை வேறொரு ஃபைல் என்று மாறி மாறிக் கெடுகிறதா? இதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. ஹார்டு டிஸ்க்கே சாகத் தொடங்கியிருக்கலாம். வேறு எதையும் தொடாமல், முதலில் போட்டோக்களையும் கணக்குகளையும் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

சரி, என்னதான் செய்வது? கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தகராறு செய்யும் சாஃப்ட்வேரை நீக்கிவிட்டு, அதன் சொந்தத் தளத்திலிருந்து மறுபடி போடுங்கள். விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்று வந்தால், ‘விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்’ தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாக வாங்கலாம். விண்டோஸின் சொந்த ஃபைல் கெட்டிருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ்’ கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள்.

ஏற்கெனவே கண்ட இடத்தில் இறக்கிவிட்டீர்களா? இப்போதே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். போனிலிருந்து மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்!