கொச்சிக் கிடங்கில் ஒரு நீர்ச்சுழி

மதகு திறந்ததும் வாய்க்காலில் விழும் சுழியைப் பார்க்காதவர் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்க மாட்டார். அதே சுழியை ஒரு கட்டடத்துக்குள், தரையில் குழி பறித்து, கருநிறத் தண்ணீரில் நாள் முழுக்க ஓடவிட்டால் அது கலையா? ஆம் என்று செய்து காட்டியவர் அனிஷ் கபூர். 1954-இல் மும்பையில் பிறந்து லண்டனில் வாழும் சிற்பி. படைப்பின் பெயர் ‘டிசென்ஷன்’, அதாவது இறங்குதல். 2014 டிசம்பரில், கொச்சி பினாலேயில் வைத்தார்கள்.

இயங்கும் விதம் எளிது. வட்டத் தொட்டியின் அடியில் மோட்டார் தண்ணீரைச் சுழற்றுகிறது. வேகம் கூடக்கூடத் தண்ணீர் சுவரோரம் ஏறுகிறது, நடு பள்ளமாகிறது. சுவரில் உரசி வேகம் குறையும் என்பதால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் கருப்பு என்பதால் அடி தெரியாது. பள்ளம் எங்கே முடிகிறது என்று கண் தேடும். அந்தத் தேடல்தான் படைப்பு. வாங்கி வீட்டில் மாட்ட முடியாத இத்தகைய கலையை ‘இன்ஸ்டலேஷன்’ என்கிறார்கள்.

பினாலே என்பது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைத் திருவிழா. வெனிஸ் 1895-இல் தொடங்கிவைத்தது. கொச்சியில் போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12-இல் தொடங்கினார்கள். கேரள அரசும் கைகொடுத்தது. அதன் முக்கிய இடமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், மலைச்சரக்கு ஏற்றுமதி செய்த பழைய கம்பெனி வளாகம். மாநகர கேலரியின் கண்ணாடிக் கதவு முன் தயங்கி நிற்பவர்கூட மிளகுக் கிடங்குக்குள் கூசாமல் நுழைவார். கொச்சியின் பெரிய கெட்டிக்காரத்தனம் இதுதான் என்பேன்.

கொச்சிக்குப் பிறகு அந்தச் சுழி 2015-இல் பிரான்ஸின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்திலும், 2017-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பிரிட்ஜ் பூங்காவிலும், 26 அடி அகலத்தில், சுழன்றது. பாரிஸ்காரருக்கு முன்பே கொச்சி ஆட்டோக்காரர் பார்த்துவிட்டார்!

கம்பத்துக்காரர்களுக்குச் சென்னை 500 கி.மீ.க்கு மேல்; குமுளி வழியாகக் கொச்சி 200 கி.மீ.க்குள். பினாலே பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நடக்கும். ஏலக்காய், காய்கறி வியாபாரமாக அந்தப் பக்கம் போகிறவர்கள் எர்ணாகுளத்தில் படகேறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, பிள்ளைகளோடு ஒரு பகல் சுற்றிவிட்டு வாருங்கள். எல்லாம் புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.