மழைத் தொட்டியும் வைக்காட்டோ ஆறும்

ஆக்லாந்தின் கிளென் ஈடன் பகுதியில் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது பக்கத்து வைட்டாக்கரே மலை அணைகளின் தண்ணீராக இருக்கலாம். ஹுனுவா அணைகளிலிருந்தோ வைக்காட்டோ ஆற்றிலிருந்தோ வந்ததாகவும் இருக்கலாம். ஆக்லாந்தின் பெருங்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. மேற்கே மலையேறி வையாட்டாருவா, பிஹா பக்கம் போனால் கதை வேறு. அங்கே கூரையில் விழும் மழைதான் தொட்டியில் சேர்ந்து குடிநீராகிறது.

எது நல்ல தண்ணீர் என்று நம்மவர்களைக் கேட்டால் மழைநீரைத்தான் சொல்வார்கள். வைக்காட்டோ என்றால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கக் காரணமும் உண்டு. மேலே வெந்நீர் ஊற்றுப் பகுதிகளிலிருந்து ஆர்செனிக் இயற்கையாகவே ஆற்றில் கலக்கிறது. பால்பண்ணை நிலங்களின் வடிகாலும் சேர்கிறது. ஆனால் 2002 முதல் ஆக்லாந்துக்கு வரும் அந்த ஆற்று நீரை அப்படியே யாருக்கும் கொடுப்பதில்லை. அழுக்கைத் திரளவைத்துப் பிரித்து, நுண்சவ்வில் வடித்து, கரிப் படுகையில் செலுத்தி, கடைசியில் குளோரின் சேர்க்கிறார்கள். ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற வரம்புக்குள் வந்துவிடுகிறது.

கூரை நீருக்கு இந்தக் காவல் தானாக வராது. பறவை எச்சமும் போசம் எச்சமும் கேம்பைலோபாக்டர், சால்மோனெல்லா கிருமிகளைக் கொண்டுவரும். மழைநீரில் உப்பு குறைவு, சற்றே அமிலத்தன்மையும் உண்டு. அதனால் கூரையின் ஈயத் தகட்டையும் குழாய்களின் உலோகத்தையும் கரைக்கக்கூடியது. முதல் மழையை வெளியே திருப்பிவிடும் அமைப்பும், வடிகட்டியும், புற ஊதா விளக்கும் வீட்டுக்காரர் செலவு.

நிலத்தடி நீரின் நற்பெயர் 2016 ஆகஸ்டில் குலைந்தது. அப்போது சுமார் 14,000 பேர் வாழ்ந்த ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் கனமழைக்குப் பின் ஆட்டுச் சாணம் கலந்த நீர் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கியது. குளோரின் சேர்க்காமலே அந்த நீரை ஊருக்கு விநியோகித்து வந்தார்கள். 5,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. இதுகுறித்து நடந்த விசாரணையின் தொடர்ச்சியாகவே, குடிநீரைக் கண்காணிக்க டௌமாட்டா அரோவை என்ற தனி அமைப்பு வந்தது.

சென்னையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர் சிலர் பெட்டியில் டி.டி.எஸ். மீட்டரையும் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கேன் தண்ணீரும் ஆர்.ஓ. இயந்திரமும் ஏற்படுத்திய பழக்கம். அந்த மீட்டர் கரைந்த உப்பின் அளவைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. தொட்டி நீரில் அந்த எண் பெரும்பாலும் அழகாகவே இருக்கும். தெரிய வேண்டியது வேறு: 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ.கோலை கிருமி கூட இருக்கக் கூடாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் மாதிரி அனுப்ப வேண்டும், அதுவும் பெருமழை பெய்து முடிந்த கையோடு.