அரசின் கடனை அளப்பது எப்படி?

2022 மார்ச் மாதத்தில், இராமேசுவரத்தை அடுத்த தனுஷ்கோடிக் கடற்கரையில் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தையுடன் வந்து இறங்கின. அப்போது இலங்கையில் போர் இல்லை. அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போயிருந்தன. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஒரு நாட்டின் கடன் முற்றினால் என்ன நேரும் என்பதை இராமநாதபுரம் கரையோர மக்கள் நேரில் கண்டனர்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2021 ஆகஸ்டில், தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகக் கூறியது. இதைக் கேட்கும் விவசாயி கலங்குவது இயல்பே. ஆனால் தொகையை மட்டும் பார்த்து முடிவுக்கு வருதல் கூடாது.

விகிதமே அளவு

முதுகுளத்தூர்ப் பகுதியில் மிளகாய் பயிரிடும் இரு விவசாயிகளை எடுத்துக்கொள்ளலாம். ஒருவருக்குக் கடன் 1 லட்சம். ஆண்டு வருமானம் 4 லட்சம். மற்றவருக்குக் கடன் 60 ஆயிரம். வருமானமும் 60 ஆயிரம். தொகையில் முதல்வரின் கடன் பெரிது. ஆனால் அது அவர் வருமானத்தில் 25 சதவீதமே. இரண்டாமவருக்கோ 100 சதவீதம். ஒரு பருவம் மழை பொய்த்தால் முதலில் தடுமாறுபவர் இவரே.

அரசின் கடனையும் இவ்வாறே அளக்கின்றனர். நாட்டில் ஓராண்டில் விளையும் நெல், பிடிக்கும் மீன், ஆலை உற்பத்தி, வாணிபம், தொழில் என அனைத்தின் மதிப்பையும் கூட்டினால் வருவது மொத்த உற்பத்தி மதிப்பு. கடன் அதில் எத்தனை சதவீதம் என்பதே கணக்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வருமானம் 1 லட்சம், கடன் 50 ஆயிரம், வட்டி 7 சதவீதம் என்க. வட்டி கட்டாமல் சேர்ந்தால் கடன் 53,500 ஆகும். அதே ஆண்டில் வருமானம் 10 சதவீதம் உயர்ந்தால், விகிதம் 50-லிருந்து 48.6 சதவீதமாகக் குறையும். வருமானம் வட்டியை விட வேகமாக வளரும் வரை பழைய கடன் நெரிக்காது. வளர்ச்சி நின்றால் அதே கடன் கழுத்தைப் பிடிக்கும்.

இலங்கையில் நேர்ந்தது

2019 இறுதியில் இலங்கை அரசு மதிப்புக்கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. வருவாய் சரிந்தது. கொரோனாவால் சுற்றுலா வருமானமும் நின்றது. 2021-இல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்ததால் நெல் விளைச்சல் வீழ்ந்தது. கடன், நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பையே தாண்டியது. அதில் கணிசமான பகுதி வெளிநாட்டு நாணயத்தில் திருப்பித்தர வேண்டிய கடன். கையில் டாலர் தீர்ந்ததும், 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது.

ஜப்பானின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். எனினும் அது பெரும்பாலும் சொந்த மக்களிடம், சொந்த நாணயத்தில் வாங்கியது. எனவே யாரிடம், எந்த நாணயத்தில் கடன் என்பதையும் கவனிக்க வேண்டும். இந்தியாவுக்கும் அந்த அனுபவம் உண்டு. 1991-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைக்க நேர்ந்தது.

தமிழகத்தின் நிலை

2025-26 வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டின்படி தமிழகத்தின் கடன், மாநில உற்பத்தி மதிப்பில் சுமார் 26 சதவீதம். இது இலங்கையின் நிலை அன்று. ஆனால் அரசின் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. வட்டிக்குப் போகும் ரூபாய் கண்மாய்க் கரைக்கு வராது.

ஆகவே கடன் எதற்குச் செலவாகிறது என்பதே முக்கியம். உலக வங்கிக் கடனுடன் 2007-இல் தொடங்கிய நீர்வள மேம்பாட்டுத் திட்டத்தில் தமிழக ஏரிகளும் வாய்க்கால்களும் சீரமைக்கப்பட்டன. மடையும் வரத்துக்காலும் சீரானால் விளைச்சல் கூடும். கடனை அடைக்க வழி பிறக்கும். அன்றாடச் செலவுக்கு வாங்கிய கடனோ விதைநெல்லைச் சமைத்து உண்டதற்கு ஒப்பாகும்.

விவசாயிகள் கவனிக்க

2021-இல் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது. நலிந்தோருக்கு அது பேருதவி. ஆயினும் அந்தக் கடன் மறைந்துவிடவில்லை; சங்கங்களுக்குத் தர வேண்டிய பொறுப்பு அரசின் தலையில் ஏறியது.

கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. இச்சலுகையைத் தவறவிடலாகாது. பயிர்க்கடனைப் பயிருக்கே செலவிட வேண்டும். மிளகாய் விற்று முடிந்ததும், மொத்தக் கடன் ஆண்டு வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று குறித்து வைத்தல் நன்று. அந்த எண் ஆண்டுதோறும் ஏறினால், அடுத்த கடனுக்குக் கையெழுத்திடும் முன் நிதானிக்க வேண்டும்.

அரசின் கடன் பற்றிய செய்தி வரும்போதும் மூன்று கேள்விகள் போதும்: உற்பத்தியில் எத்தனை சதவீதம்? வட்டிக்கு எவ்வளவு போகிறது? வாங்கிய கடன் எதை விளைவித்தது?