ஓடை மீனும் தொட்டி மீனும்

நுவரெலியாப் பக்கத்து ஓடைகளிலே துள்ளும் டிரவுட் மீனை நம் நாட்டு மீனென்று எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. தேயிலையைப் போலவே, ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் கொணர்ந்த விருந்தாளியே அது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட், ஹோட்டன் சமவெளியின் குளிரோடைகளில் நிலைத்துவிட்டது.

அதைப் பிடித்து வந்து தொட்டியில் வளர்க்கலாமா? எளிதன்று. உயிருள்ள பூச்சிகளையே உண்டு பழகிய மீன், நாம் தூவும் தீனியைப் பெரும்பாலும் தீண்டாது. மனித நிழலைக் கண்டாலே மிரளும். எனவே வளர்ப்போர் தாய்மீனைப் பழக்க முயல்வதிலும், அதன் முட்டையைப் பக்குவமாகப் பிதுக்கியெடுத்து, ஆண்மீனின் விந்து கலந்து, ஓடும் குளிர்நீரில் வைப்பதே மேல். 10 பாகை செல்சியஸ் குளிரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். தொட்டியிலே பிறந்த குஞ்சு, தூவும் தீனிக்குத் தானே ஓடி வரும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 1988 முதல் தேசியப் பூங்காவாக விளங்கும் ஹோட்டன் சமவெளியில், உலகில் வேறெங்குமில்லாத சிற்றிறால் ஒன்று வாழ்கிறது. டிரவுட்டுக்கு அது இரையாகிவிடலாகாது. தொட்டியில் பிறந்தது தொட்டியிலேயே வளரட்டும். விருந்தாளியைப் பேணுவோம், வீட்டுக்காரரை மறவோம்!