மனத்தை எங்கே நிறுத்துவது?

பயாப்ஸி முடிவு வரச் சில நாள்கள் ஆகும் என்று மருத்துவர் கூறிச் சென்றபின், அந்த நாள்களைக் கடப்பதே நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் பெரும்பாடாகிவிடுகிறது. பகற்பொழுது வருவோர் போவோரோடு பேசுவதில் கழிந்துவிடும். இரவில் வார்டு விளக்குகள் அணைந்ததும் மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். "கவலைப்படாதீர்கள்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எவருடைய கவலையும் நின்றுவிடுவதில்லை. மனம் வெறுமையாக இருக்க அறியாது. ஒன்றை விடவேண்டுமானால் அது வேறொன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும்.

திருமறையிலே புலம்பல் என்னும் சிறு நூல் உண்டு. பாபிலோனியர் எருசலேமை அழித்ததைப் பற்றிய துயரப் பாடல்கள் அதில் ஐந்து அதிகாரங்களாக அமைந்துள்ளன. பசியையும் தனிமையையும், கடவுள் கைவிட்டாரோ என்ற ஐயத்தையும் அந்நூல் மறைக்கவில்லை. ஆயினும் மூன்றாம் அதிகாரத்தில், தம் துன்பத்தை எண்ணி எண்ணி உள்ளம் தளர்ந்தவர் வேறொன்றைத் தாமே நினைவுக்குக் கொண்டுவருகிறார். ஆண்டவரின் இரக்கம் இன்னும் வற்றவில்லை, விடியுந்தோறும் அது மீண்டும் கிடைக்கிறது என்பதே அது. நகரம் அப்போதும் இடிந்தே கிடந்தது. அதன்பின்னும் அவர் அழுகிறார். ஆதலால், கண்ணீர் விசுவாசக் குறைவுக்கு அடையாளமன்று.

பவுல் அடிகளார் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதினார். கவலைகளை ஜெபமாக்கும்படி கூறியபின், சிந்திக்கத் தக்கவற்றை 4ஆம் அதிகாரத்தில் வரிசைப்படுத்துகிறார். அவ்வரிசையில் முதலில் நிற்பது உண்மை. அச்சமோ, நிகழக்கூடியதை நிகழ்ந்துவிட்டதாகவே காட்டுகிறது. 'முடிவு இன்னும் வரவில்லை; இந்த இரவில் நான் தனியே இல்லை' என்பதே இப்போதைய உண்மை.

இன்றிரவு, உங்கள் அச்சத்தை உள்ளபடியே ஆண்டவரிடம் ஒரு வரியில் கூறுங்கள். பின்பு இன்று பெற்ற ஒரு நன்மையை நினையுங்கள். வலி சற்றுத் தணிந்திருந்த ஒரு மணி நேரமாகவோ, கஞ்சி ஊட்டிய ஒரு கையாகவோ அது இருக்கலாம். மனம் மீண்டும் ஓடினால் உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். நூறு முறை ஓடினாலும் நூறு முறை திருப்பி அழைக்கலாம்.

உடனிருக்கும் உறவினர்களுக்கும் ஒரு சொல். நோயாளி அழும்போது வசனம் கூறி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். கையைப் பற்றிக்கொண்டு அருகில் அமர்ந்திருங்கள். ஜெபம் பிறகு வரட்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு நீங்காதிருந்தாலோ, உறக்கமும் உணவும் பிடிக்காமற் போனாலோ மருத்துவரிடம் கூறுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல் உடனே சொல்லுங்கள். மனச்சோர்வும் மருத்துவம் தேவைப்படும் நோயே. அதற்கு மருந்து உட்கொள்வது விசுவாசத்துக்கு முரணானதன்று.

முடிவு இன்னவாறு வரும் என்று நாங்கள் வாக்களிக்க இயலாது. ஆனால், செவிலியரிடம் ஒரு சொல் சொல்லியனுப்பினால், ஆன்மிகப் பணியாளராகிய எங்களில் ஒருவர் உங்கள் கட்டிலருகே வருவார். பேசவோ ஜெபிக்கவோ மனமில்லையெனில், பேசாது உடன் அமர்ந்திருப்பார்.