காரில் சப்வூஃபர்: சில கணக்குகளும் ஒரு ஃபியூஸும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏசி ஃபில்டரை நானே மாற்றிவிடலாம் என்று காரின் குளவ் பாக்ஸைக் கழற்றினேன். உள்ளே கால் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு தடித்த சிவப்பு ஒயர் தெரிந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் மாட்டியபோது கடைக்காரர்கள் இழுத்த பவர் ஒயர் அது. என்ஜின் பக்கமிருந்து இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி ரப்பர் வளையம் கிடையாது. தகட்டின் விளிம்பு ஒயரின் மேலுறையை அறுத்து, உள்ளே இருக்கும் கம்பி பளபளவென்று தெரிந்தது.

அந்தத் தகட்டுக்குப் பெயர் ஃபயர்வால். நான் ஆபீஸில் தினமும் மல்லுக்கட்டும் ஃபயர்வால் இல்லை, நிஜ இரும்பு. காரின் பாடி முழுக்க பேட்டரியின் மைனஸ். சிவப்பு ஒயர் பேட்டரியின் ப்ளஸ். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூலளவு பிளாஸ்டிக்தான் மிச்சம். அதற்கு முந்தின வாரம்தான் திருநெல்வேலி போய் வந்திருந்தோம். வழியெல்லாம் பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டு வந்தாள்.

கடைக்குப் போன் போட்டேன். "ஃபியூஸ் ஆம்ப்லயே இருக்கு சார், 30 ஆம்பியர். ஒண்ணும் ஆகாது" என்றார்கள். இந்தப் பதில் ஏன் தப்பு என்று யோசிக்கப் போய்தான் மொத்த விஷயத்தையும் முதலிலிருந்து படித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், சப்வூஃபர் எதுக்கு?

எனக்கு இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் கேட்க வேண்டும். அவ்வளவுதான். பேஸ் கிடாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 41 அதிர்வு. கார் கதவில் இருக்கும் ஆறரை இன்ச் ஸ்பீக்கர் அந்த ஸ்வரத்தைச் சரியாகத் தராது. அதன் மேல் வரும் உபஸ்வரங்களை மட்டும் தரும், மிச்சத்தை நம் மூளை ஊகித்துக்கொள்ளும்.

காரணம் எளிய கணக்கு. ஒரே சத்த அளவில் அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், ஸ்பீக்கர் கோன் நாலு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸிலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் பதினாறு மடங்கு. சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தூரம் போக முடியாது. அதனால் கோனைப் பெரிசாக்குகிறோம். 12 இன்ச் கோனின் பரப்பு ஆறரை இன்ச்சைப் போல ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அசையும் தூரமும் அதிகம்.

பெட்டி எதற்கு? கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. இரண்டு அலையும் சந்தித்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். பெட்டி பின்பக்க அலையைப் பிடித்து வைக்கிறது. 1954-இல் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரில், மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்திக் காட்டினார். அதற்கு முன்னால் நல்ல பேஸ் வேண்டுமென்றால் பீரோ சைஸில் பெட்டி வேண்டும். இன்று நம் டிக்கியில் உட்காரும் சின்னப் பெட்டிக்கு அவரும் ஒரு காரணம்.

காருக்கு இயற்கையாக ஒரு லாபமும் உண்டு. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். காரை விட நீளம். அவ்வளவு நீள அலை மூடிய காருக்குள் சுற்றித் திரிய இடமில்லாமல், உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமாகவே ஏறி இறங்குகிறது. அதனால் கீழ் ஸ்வரங்கள் வீட்டு ஹாலில் கேட்பதைவிடக் காரில் தானாகவே தூக்கலாகக் கேட்கும். ஆகவே குடும்பக் காருக்கு ஆயிரக்கணக்கான வாட்ஸ் தேவையில்லை. 200, 300 வாட்ஸ் தாராளம்.

50 வாட்ஸ் என்ற கதை

கார் ஸ்டீரியோவின் அட்டைப் பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருக்கும். அப்புறம் தனி ஆம்ப் எதுக்கு?

வண்டி ஓடும்போது காரில் கிடைப்பது அதிகபட்சம் 14.4 வோல்ட். சாதாரண ஸ்பீக்கர் 4 ஓம். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் வாட்ஸ்: 14.4 × 14.4 ÷ 4 = 51.8. அந்த 50 வாட்ஸ் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இது கிடைக்க வேண்டுமானால் சிக்னல் சதுர அலையாக இருக்க வேண்டும். சதுர அலை என்றால் வால்யூமை முழுக்கத் திருகி, பாட்டு மொத்தமும் சிதைந்து, கரகரவென்று வருகிற நிலைமை. ஒழுங்கான சைன் அலைக்கு இதில் பாதி, அதாவது 26. உள்ளே ஆகும் நஷ்டமெல்லாம் போக 18, 20 வாட்ஸ் நின்றால் நல்ல ஸ்டீரியோ.

இந்தச் சுவரைத் தாண்டத்தான் தனி ஆம்ப். 4 ஓம் சப்வூஃபருக்கு 300 வாட்ஸ் கொடுக்க 34.6 வோல்ட் வேண்டும். பேட்டரியின் 12 வோல்ட்டை வைத்துக்கொண்டு அது நடக்காது. ஆகவே ஆம்புக்குள் ஒரு குட்டிப் பவர் சப்ளை, பேட்டரி வோல்ட்டேஜை முதலில் உயர்த்திக்கொள்கிறது. அப்புறம்தான் பாட்டு வேலை.

வோல்ட்டை உயர்த்தினால் கரண்டில் விலை கொடுக்க வேண்டும். இங்கேதான் ஒயர் கதைக்குள் வருகிறது.

27 ஆம்பியர்

300 வாட்ஸ் வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ்-டி ஆம்ப் 375 வாட்ஸ் உள்ளே இழுக்கும். வீட்டில் 375 வாட்ஸ் ஒரு விஷயமே இல்லை. 750 வாட்ஸ் மிக்ஸியே 230 வோல்ட்டில் மூணேகால் ஆம்பியர்தான் இழுக்கும். காரில் 375-ஐ 13.8 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்: 27 ஆம்பியர். மிக்ஸியில் பாதி வேலைக்கு எட்டு மடங்கு கரண்ட்!

(இது உச்ச நேரத்துக்கான கணக்கு. பாட்டில் சராசரி இதைவிட ரொம்பக் கம்மி. அதனால் ஆல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம்.)

ஒயரின் தடிமன் இந்த 27 ஆம்பியரை வைத்துத்தான் முடிவாக வேண்டும். பேட்டரியிலிருந்து டிக்கி வரை சுமார் 5 மீட்டர். வீட்டு லைட்டுக்குப் போடும் 1.5 ஸ்கொயர் ஒயரை இழுத்தால் வழியிலேயே ஒன்றரை வோல்ட் போய்விடும். 40 வாட்ஸுக்கு மேல் ஒயரே சூடாகும், அதுவும் கார்ப்பெட்டுக்கு அடியில். 8 கேஜ் செம்பு ஒயர், அதாவது 8 ஸ்கொயருக்குச் சற்று மேல், போட்டால் நஷ்டம் 0.3 வோல்ட்டுக்குள் அடங்கும்.

'செம்பு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடையில் கிட்டாக விற்கும் ஒயர்களில் நிறைய, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். என் காரில் இருந்தது வெள்ளை.

ஃபியூஸ் யாருக்காக?

இப்போது கடைக்காரர் பதிலுக்கு வருவோம். ஆம்பில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இருப்பது உண்மைதான். ஆம்புக்குள் ஏதாவது கோளாறு வந்தால் அது போகும். ஆனால் என் காரில் உறை அறுந்த இடம் பேட்டரியிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கிறது. ஆம்ப் அங்கிருந்து இன்னும் நாலு மீட்டர் தள்ளி, டிக்கியில். அறுந்த இடத்தில் கம்பி பாடியைத் தொட்டால், கரண்ட் பேட்டரியிலிருந்து அந்த இடம் வரை வந்து பாடி வழியாகத் திரும்பிவிடும். ஆம்ப் பக்கமே போகாது. தன் வழியாகப் போகாத கரண்டை அந்த ஃபியூஸ் எப்படித் தடுக்கும்?

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் அடியில் வால்வு இல்லை, சமையலறைக் குழாயில் மட்டும் இருக்கிறது. நடுவில் பைப் உடைந்தால், சமையலறை வால்வை எவ்வளவு இறுக்கி மூடினாலும் தொட்டி காலியாகித்தான் நிற்கும்.

கார் பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கொடுப்பதற்காகவே செய்யப்பட்டது. ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்பியர் கொட்டும். 500 என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மீட்டர் அலுமினிய ஒயரின் தடை சுமார் 0.003 ஓம். 500 × 500 × 0.003 = 750 வாட்ஸ். ஒரு இஸ்திரிப் பெட்டியின் மொத்தச் சூடும் ஒரு மீட்டர் ஒயருக்குள். மேலுறை பிளாஸ்டிக். பக்கத்தில் கார்ப்பெட், ஸ்பாஞ்ச், இன்னும் நிறைய பிளாஸ்டிக்.

ஆகவே ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரிக்குப் பக்கத்தில். பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் விதி. எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் உள்ள துண்டுக்கு மட்டும்தான் யாரும் காவல் இல்லை. அளவு, ஒயர் தாங்குவதற்குள் இருக்க வேண்டும். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அடிக்கடி போகிறதே என்று 100 ஆம்பியர் ஃபியூஸ் மாட்டிவிட்டால், ஒயரே ஃபியூஸாகிவிடும். நான் 8 கேஜ் ஒயருக்கு 40 ஆம்பியர் போட்டேன்.

மறுபடி மாட்டியது

இரண்டு ஞாயிறு ஆனது. முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. அப்புறம்:

பவர் ஒயர்: ரிச்சி தெருவில் செம்பு ஒயரும் ஃபியூஸ் ஹோல்டரும் வாங்கினேன். ஃபயர்வால் ஓட்டையில் ரப்பர் வளையம், என்ஜின் பக்கம் ஒயருக்கு மேல் நெளிவுக் குழாய்.

எர்த்: டிக்கியில் பாடித் தகட்டின் பெயிண்ட்டைச் சுரண்டி, பவர் ஒயர் அதே தடிமனில் ஒன்றரை அடிக்குள் போல்ட் போட்டு இறுக்கினேன். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவே கூடாது. அதன் வேலை வேறு.

ரிமோட் ஒயர்: ஸ்டீரியோவின் பின்னால் வரும் நீல-வெள்ளை ஒயர். ஸ்டீரியோ ஆன் ஆனால்தான் ஆம்ப் விழிக்கும். இதை நேரே பேட்டரியோடு முடிந்துவிட்டால் ஆம்ப் இரவெல்லாம் அரை, ஒரு ஆம்பியர் குடித்துக்கொண்டே இருக்கும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டொரு நாளில் படுத்துவிடும்.

ஆர்சிஏ ஒயர்: பவர் ஒயர் இடது பக்கம் போனால் இது வலது பக்கம். சேர்த்துக் கட்டினால் ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். எர்த் சரியில்லாவிட்டாலும் இதே சத்தம் வரும்.

மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை. அவற்றின் பக்கம் போகவில்லை.

கெயின்: ஆம்பில் உள்ள இந்தத் திருகை எல்லோரும் இன்னொரு வால்யூம் என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். ஸ்டீரியோ கொடுக்கும் சிக்னல் எவ்வளவு, அதற்கு ஆம்ப் எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று பொருத்துவதுதான் அதன் வேலை. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்காலில் வைத்து, ஆம்பின் வெளிமுனையில் மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். 300 வாட்ஸ், 4 ஓம் என்றால் 34.6-க்கு மேல் போகக் கூடாது. கடைக்காரர்கள் முழுக்கத் திருகி வைத்திருந்தார்கள். பேஸ் 'தொம் தொம்' என்று ஒரே ஸ்வரமாகக் கேட்டதன் காரணம் புரிந்தது.

ஃபில்டர்: சப்வூஃபருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும். கதவு ஸ்பீக்கர்களுக்கு அதற்கு மேலே மட்டும். 80-க்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காது சரியாகக் கண்டுபிடிக்காது. அதனால் பெட்டி டிக்கியில் இருந்தாலும் பேஸ் முன்னாலிருந்தே வருவது போலிருக்கும். பேஸ் சுமை இறங்கியதில் கதவு ஸ்பீக்கர்களில் குரலும் தெளிவானது.

கடைசியாகப் பெட்டி. குளியலறை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன், 18 கிலோ. டிக்கியில் சும்மா வைத்திருந்தார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றால், அந்தப் பெட்டி சுமார் 250 கிலோ எடையின் விசையோடு பின் சீட்டின் முதுகில் இடிக்கும். இப்போது இரண்டு இரும்புப் பட்டைகள் போட்டு டிக்கி தரையோடு போல்ட் அடித்திருக்கிறேன். போல்ட் போடுவதற்கு முன்னால் கீழே குனிந்து பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன். நீங்களும் பாருங்கள்.

எல்லாம் முடிந்து பாட்டுப் போட்டேன். பேஸ் கிடார் தனித்தனி ஸ்வரமாக, பாட்டுக்கு அடியில் நடந்து போவது போலக் கேட்டது. "முன்னவிட சத்தம் கம்மியா இருக்கேப்பா" என்றாள் மகள். உண்மைதான்.

உங்கள் காரில் ஏற்கெனவே ஆம்ப் மாட்டியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பானெட்டைத் திறந்து, பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து கிளம்பும் தடித்த ஒயரைக் கையால் தொடர்ந்து போங்கள். ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா, ஃபயர்வாலில் நுழையும் இடத்தில் ரப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், சரி செய்யும் வரை அந்த ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றி வையுங்கள். கதவு ஸ்பீக்கர்கள் தனி ஆம்பில் ஓடாவிட்டால் பாட்டு எப்போதும் போல ஓடும், பேஸ்தான் கொஞ்ச நாள் இருக்காது.