பெயர் சூட்டு விழாச் சீட்டும் நம் கடையும்

நம் கடைகளுக்கு வரும் சீட்டுகளில் கல்யாணச் சீட்டு பெரியது. பெயர் சூட்டு விழாச் சீட்டு அரைப் பக்கம்கூட இராது. ஆனால் கல்யாணத்திற்கு இரண்டு மாதம் முன்பே சாமான் போட ஆரம்பிக்கலாம். இதற்கு அந்த வசதி கிடையாது. குழந்தை எப்போது பிறக்கும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. பிறந்துவிட்டாலோ பதினோராம் நாள் காலையில் புண்ணியாகவாசனம். பிறந்த நாளையும் சேர்த்தே எண்ணுவர்; திங்கட்கிழமை பிறந்த குழந்தைக்கு அடுத்த வாரம் வியாழன் விழா. (பன்னிரண்டு, பதினாறு, முப்பது என்று குலத்துக்குக் குலம் வேறுபடுவதும் உண்டு.) வீட்டுப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்த களைப்பு. கடைக்கு வருபவர் பெரும்பாலும் குழந்தையின் மாமா அல்லது சித்தப்பா. அவருக்கு விரலி மஞ்சளும் கிழங்கு மஞ்சளும் ஒன்றே!

இந்த விழாவை நடத்திக் கொடுக்கும் சாஸ்திரிகள் தம் தொழிலை எந்தெந்தக் கருவிகளைக் கொண்டு நடத்துகிறார் என்று தெரிந்து கொண்டால், அவர் எழுதும் சீட்டு நமக்குத் தெளிவாக விளங்கும்.

முதல் கருவி பஞ்சாங்கம். பாம்புப் பஞ்சாங்கம் எனப்படும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. இரண்டுக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் வித்தியாசம் வரும். அந்த இடைவெளியில் பிறந்த குழந்தைக்கு ஒன்றில் ஒரு நட்சத்திரம், மற்றதில் அடுத்த நட்சத்திரம். ஆகவே அனுபவம் உள்ள சாஸ்திரிகள் பிறந்த நேரத்தைக் கேட்கும்போதே, உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்றும் கேட்டுக் கொள்வார். 27 நட்சத்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்துகள். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. அதற்கேற்பப் பெயர் தேடுவது வீட்டார் பாடு. நம் கடையில் ஆடி மாதம் முதலே வருஷப் பஞ்சாங்கம் எப்போது வரும் என்று விசாரிக்கும் ஒரே வாடிக்கையாளர் சாஸ்திரிகள்தான். அவருக்கு இரண்டு வகையிலும் ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

இரண்டாவது, நாட்குறிப்பு. முன்பு சட்டைப்பையில் சிறிய டைரி, இப்போது கைப்பேசி. ஒரே காலையில் ஒரு புண்ணியாகவாசனமும் ஒரு கிரகப் பிரவேசமும் மோதினால் உதவிக்கு இன்னொருவரை அனுப்ப வேண்டும். தர்ப்பை, சமித்து, பவித்திரம் முதலியவற்றை அவரே தம் பையில் கொண்டு வந்துவிடுவார். அவை நம் கடைச் சரக்கு அல்ல.

மூன்றாவதுதான் சாமான் சீட்டு. மஞ்சள்தூள், குங்குமம், சந்தனம், வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், பச்சரிசி, நெல், கற்கண்டு, கற்பூரம், ஊதுபத்தி, நூல்கண்டு, நெய், தேன் என்று போகும். பலர் ஒரே சீட்டை வருஷக் கணக்கில் பிரதி எடுத்துக் கொடுக்கிறார்கள்; இப்போது வாட்ஸ்அப்பில் படமாகவும் வருகிறது. அதில் பொருளின் பெயர் இருக்கும். அது எதற்கு என்பது இராது. தொல்லை அங்கேதான் பிறக்கிறது.

பச்சரிசியை எடுத்துக் கொள்ளுங்கள். அட்சதை என்ற சொல்லுக்கே முனை முறியாதது என்றுதான் பொருள். அதே பச்சரிசியைத் தட்டில் பரப்பித்தான் குழந்தையின் பெயரை எழுதுவர். நாமோ, சடங்குக்குத்தானே என்று குருணை கலந்த மலிவு ரகத்தைக் கட்டிவிடுகிறோம். நெய் விஷயம் அதைவிடப் பெரிது. ஹோமத்திற்கும் விளக்குக்கும் நெய் வேண்டும். சர்க்கரைப் பொங்கலுக்கும் அதே நெய்தான் போகும். சில வீடுகளில் குழந்தையின் நாக்கில் ஒரு துளி தொட்டு வைப்பார்கள்.

எங்கள் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பையன் ஒருவன் சீட்டில் ‘நெய் 200’ என்று பார்த்துவிட்டு, விளக்குக்கு மட்டும் என்று அச்சிட்ட பாக்கெட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டான். குழந்தையின் பாட்டி அதைக் கிண்ணத்தில் ஊற்றி விரலில் தொட்டும்விட்டார். வாசனை சரியில்லை என்று சாஸ்திரிகள் கையைப் பிடித்துத் தடுத்தாராம். மறுநாள் அவரே கடைக்கு வந்து, பாக்கெட்டைக் கல்லாப் பெட்டி மேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார். அன்று முதல் எங்கள் கடையில் விளக்கு நெய்யும் தீப எண்ணெயும் சமையல் சரக்கு உள்ள அலமாரியில் இருப்பதில்லை. பெயர் சூட்டு விழாச் சீட்டு என்று தெரிந்தால் சாப்பிடும் நெய் மட்டுமே.

தேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்பது மருத்துவர்களின் கண்டிப்பான அறிவுரை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். உடல் தளர்ந்து மூச்சே தடைப்படலாம். சுத்தமான தேனிலும் இது இருக்கலாம் என்பதால், எங்கள் தேன் அசல் என்று நாம் சொல்வது இதற்குப் பதில் ஆகாது. பூஜைக்கும் பஞ்சாமிருதத்திற்கும் தேனைத் தாராளமாகக் கொடுக்கலாம். கொடுக்கும்போது, குழந்தைக்குத் தொட்டு வைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்வதற்குக் காசு செலவில்லை. சாஸ்திரிகளிடமும் சொல்லி வைத்தேன். அவர் தம் சீட்டிலேயே ‘தேன் – பூஜைக்கு மட்டும்’ என்று திருத்திக் கொண்டார்.

சீட்டில் இல்லாத ஒரு பொருளையும் கேட்பார்கள்: கையில் கட்டும் வசம்பு வளையல். அதற்குப் ‘பேர் சொல்லாதது’ என்று ஒரு பெயர். பெயர் வைக்கும் விழாவுக்குப் பெயர் சொல்லாத சரக்கு!

மொத்த சாமானையும் ஒரே பையில் கட்டி ‘செட்’ என்று விற்கலாமே என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கிறார்கள். விற்கலாம், ஆனால் கணக்கைக் கவனிக்க வேண்டும். குங்குமத்திற்கும் தேங்காய்க்கும் ஜிஎஸ்டி இல்லை. ஊதுபத்திக்கு 5 சதவீதம். நெய்க்கு 12 ஆக இருந்து 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். இவற்றை ஒரே விலைக்கு ஒரே பொட்டலமாக விற்றால் சட்டத்தில் அது கலப்பு விநியோகம். உள்ளே இருப்பவற்றில் எதற்கு அதிக வரியோ, அந்த விகிதம் முழுத் தொகைக்கும் வந்து சேரும். சீட்டுப்படி தனித்தனி வரியாகப் பில் போட்டால் இந்தச் சங்கடம் இல்லை. மேலும், வாங்குபவர் எதிரில் இல்லாதபோது முன்கூட்டியே கட்டி வைக்கும் பொட்டலத்தில் முகவரி, நிகர அளவு, மாதம், அதிகபட்ச விலை ஆகியவை இருந்தாக வேண்டும். எடையளவு அதிகாரி வந்து கேட்டால் ‘பூஜை சாமான்தானே’ என்பது பதிலாகாது. சாஸ்திரிகள் சடங்கு நடத்திக் கொடுப்பதற்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அந்த விலக்கு நம் சரக்குக்கு வராது.

சாஸ்திரிகளின் பையில் இன்னொரு தாளும் இருக்கலாம் என்பேன். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயரைப் பின்னால் சேர்க்கலாம்: ஓராண்டு வரை கட்டணமில்லை, பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. காதில் மூன்று முறை சொன்ன பெயரை, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துப் பிசகாமல், தலைப்பெழுத்தோடு ஒரு தாளில் எழுதித் தகப்பனார் கையில் கொடுத்துவிட்டால், பள்ளியில் சேர்க்கும்போது அலைய வேண்டாம். அந்தத் தாளை நாங்களே அச்சிட்டு, அடியில் கடைப் பெயரோடு, சாஸ்திரிகளுக்கு இலவசமாகக் கொடுத்து வருகிறோம்.

கமிஷன் பற்றிக் கேட்கிறார்கள். சீட்டைக் குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினால் நூற்றுக்கு இவ்வளவு என்று சில ஊர்களில் வழக்கம் இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் அது வேண்டாம். அந்தத் தொகை எப்படியும் விலையில் ஏறும்; வீட்டாருக்கு ஒருநாள் தெரிந்தும்விடும். நாங்கள் செய்வது வேறு. விழாவுக்கு முதல் நாள் மாலைக்குள் சாமான் வீடு போய்ச் சேரும். அழுகிய தேங்காய்க்கு மாற்று உண்டு. பிரிக்காத பொருள் மீந்தால் மூன்று நாட்களுக்குள் திரும்ப எடுத்துக் கொள்கிறோம். சாஸ்திரிகளின் சொந்த வீட்டு மளிகைக்கு மாதக் கணக்கு உண்டு. விலை எல்லோருக்கும் உள்ள விலைதான்.